சாட்சிக்கு ஒரு பிளேட்

பதினான்காவது படியில் சீனிவாசலு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

துப்பறிகிற ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலைக்குப் போகக் கூடாதுதான். ஆனால் சீனிவாசலு பிறவிச் சைவம். நாற்பத்திரண்டு வருடத்தில் அவர் வாய்க்குள் போன ஒரே உயிர், ஸ்கூட்டரில் போகும்போது எதிரே பறந்து வந்த கொசு. அதையும் துப்பிவிட்டார்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது ஃபெர்கானா உணவகம். உஸ்பெகிஸ்தான் சாப்பாடு. 'அதுக்கு எந்த பஸ்ஸுல போகோணும்?' என்று கேட்கிற ஊரில் கடை மூன்று மாதம் தாக்குப்பிடித்ததே பெரிது.

விவகாரம் இதுதான். மில் ஸ்பேர்ஸ் கடை பாலுசாமியின் மகள் லோகப்பிரியாவுக்கும் சரவணனுக்கும் ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். சரவணன் தாஷ்கண்டில் நூற்பு மெஷின் பொருத்தப் போய் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்த இன்ஜினியர். பாலுசாமி வீடோ மூன்று தலைமுறையாக முட்டைகூட நுழையாத வீடு. "நானும் சைவந்தானுங்க மாமா" என்று சரவணன் சொல்லியிருந்தான். ஆனால் வியாழக்கிழமை தவறாமல் இந்த மாடியில் ஏறுகிறான் என்று யாரோ பாலுசாமி காதில் போட்டுவிட்டார்கள்.

"கறி திங்கறானா, இல்லியா? அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும். திங்கறான்னா ஞாயித்துக்கெழமை நிச்சயமே இல்லீங்க" என்றார் பாலுசாமி. "நீங்க சுத்த சைவம்னுதான் உங்களைப் புடிச்சேன். கறி திங்கறவனை அனுப்புனா, அவன் மாப்பிள்ளையோட சேர்ந்து உக்காந்துக்குவான்."

சரவணன் ஜன்னலோரம் இருந்தான். சீனிவாசலு தூணுக்குப் பின்னால் ஒரு மேஜையைப் பிடித்து, பேப்பரை முகத்துக்கு நேரே விரித்தார்.

கடைக்காரம்மா சாஜிதா பேகம் பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் டீ ஊற்றினார். பாதிதான் ஊற்றினார்.

"ஏனுங்க, அரைக் கிண்ணந்தான் இருக்குது?"

"அந்த ஊரு மொறைங்ண்ணா. எங்க வீட்டுக்காரரு அங்க பன்னெண்டு வருசம் நூல் ஏவாரம் பண்ணுனாரு. அரைக் கிண்ணம் ஊத்துனா 'சித்தெ இருங்க, மறுபடி ஊத்தறேன்'னு அர்த்தம். வழிய வழிய ஊத்துனா 'குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க'ன்னு அர்த்தம்."

"நம்மூர்ல அரை டம்ளர் குடுத்தா சம்பந்தமே முறிஞ்சுபோகுமுங்க" என்றார் சீனிவாசலு.

சரவணன் மேஜைக்கு ஆவி பறக்கும் தட்டு வந்தது. உள்ளங்கை அளவில், உச்சியில் முடிச்சுப் போட்ட ஐந்து கொழுக்கட்டைகள். சாஜிதா அதற்கு மந்தி என்று பெயர் சொல்லி வைத்தார். சரவணன் ஸ்பூனைத் தள்ளிவிட்டுக் கையால் பிய்த்தான். கண்ணை மூடிக்கொண்டு மென்றான்.

சீனிவாசலு கழுத்தை நீட்டினார். உள்ளே ஏதோ பழுப்பாகத் தெரிந்தது.

அது கறியா?

அப்போதுதான் அவருக்கு அந்தப் பயங்கரம் உறைத்தது. கறி எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது! முழு ஆட்டைத் தெரியும். கடையில் தொங்குகிற ஆட்டை, தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து, அரைக்கண்ணால் தெரியும். பொடியாக நறுக்கி, மாவுக்குள் வைத்து, அவித்த பிறகு? சுத்தமாகத் தெரியாது. என்னவென்று சாஜிதாவிடம் கேட்டால் வேஷம் கலைந்துவிடும்.

"எனக்கும் அதே ஒரு பிளேட்டுங்க" என்றார்.

தட்டு வந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கை. பெருமாளே, இது தொழில், கணக்கில் சேர்க்காதே. கண்ணை இறுக்கி மூடி ஒன்றை வாயில் போட்டார்.

வெண்ணெய் முதலில் உருகியது. பின்னாலேயே வதங்கிய வெங்காயம், மிளகு, சீரகம். அதற்கும் அடியில் மெத்தென்று ஓர் இனிப்பு. சீனிவாசலு கண்ணைத் திறந்தபோது தட்டில் ஒன்றுமில்லை. ஐந்தும் போயிருந்தது.

அவர் துப்பறியும் மூளை ஒரே தாவலில் முடிவுக்கு வந்தது. இவ்வளவு ருசியாக இருக்கிற எதுவும் காயாக இருக்க முடியாது.

இன்னொரு பிளேட் சொல்லிவிட்டு, கீழே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார்.

"சந்தேகமே இல்லீங்க. கறிதான்."

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் பாலுசாமி.

"நானே தின்னு பாத்தனுங்க."

மறுமுனையில் ரிசீவர் விழுந்தது. டொக்.

பதினைந்தாவது நிமிடம் கான்டெஸா கார் வாசலில் நின்றது. பாலுசாமி மூச்சிரைக்க மேலே வந்தபோது, சாட்சிப் பொருளாகச் சொன்ன இரண்டாவது பிளேட்டில் ஒன்றைச் சீனிவாசலு காலி செய்திருந்தார்.

சரவணன் பதறி எழுந்தான். "மாமா, சத்தியமா இது அரசாணிக்காய்ங்க! ரெண்டு வருசம் அங்க இதைத் தின்னுதான் உசுரோட இருந்தேன்!"

"அரசாணிக்காயா? மஞ்சப் பூசணியா?" சீனிவாசலு ஏளனமாகச் சிரித்தார். "ஊட்டுல அதைத் தட்டுல வெச்சாலே எந்திரிச்சுப் போயிருவேன். எனக்குத் தெரியாதுங்களா?"

சாஜிதா சமையலறையிலிருந்து பாதி வெட்டிய அரசாணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சைவத்துக்குத் தனிப் பாத்திரமுங்க. வந்து பாருங்க."

"காயைக் காட்டறது பெருசில்லீங்க அம்மணி. உள்ள இருக்கறது இதுதான்னு எப்படி நம்பறது?"

பாலுசாமி ஒன்றைப் பிய்த்து, மோந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகத்தில் ஓர் எழவும் புரிந்த மாதிரி இல்லை. மூன்று சுத்த சைவர்கள் ஒரு கொழுக்கட்டையைச் சுற்றி நின்றார்கள். சாட்சி சொல்ல மூவருக்கும் யோக்கியதை இல்லை.

"கறி இல்லைன்னு சொல்றதுக்கும் கறி தின்ன ஆளுதானுங்க வேணும்" என்றார் சாஜிதா.

பாலுசாமி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கீழே காரில் சாய்ந்து நின்றிருந்தார் டிரைவர் மாரப்பன்.

"மாரப்பா! மேல வா!"

பதினேழு வருடமாக மாரப்பன் அந்த வீட்டுக்குக் கார் ஓட்டுகிறார். கறிச்சோறு கொண்டுவருகிற நாளில் தூக்குப்போசி காருக்குள் வரக் கூடாது என்று பாலுசாமி உத்தரவு. ஸ்டியரிங் முன்னால் தவிர வேறெங்கும் மாரப்பன் உட்கார்ந்து அவர் பார்த்ததும் இல்லை.

"உக்காரு."

"இருக்கட்டுங்க, நின்னுட்டே..."

"உக்காருங்கறேன்!"

சாஜிதா நாற்காலியை இழுத்துப் போட்டு, அரைக் கிண்ணம் டீ ஊற்றினார். விஷயத்தைக் கேட்டுக்கொண்ட மாரப்பன் கைகழுவி வந்து ஒன்றைத் தின்றார். 

"என்னப்பா?"

"அவசரப்படாதீங்க. புள்ளையோட வாழ்க்கைங்க."

இரண்டாவதும் போனது.  மாரப்பன் நெற்றியைச் சுருக்கினார்.

"ஒரு நெதானத்துக்கு வர முடியலீங்க. கறி வெச்சது ஒண்ணு பக்கத்துல இருந்தா ஒத்துப் பாத்துச் சொல்லலாம்."

பாலுசாமி சாஜிதாவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அம்மணி... அது வெச்சது ஒரு பிளேட்."

"எது வெச்சதுங்க?"

"அதானுங்க... அது."

"புரியலீங்களே?"

"கறிங்க! கறி ஒரு பிளேட்!"

கீழே பட்டுக்கடை வாசலில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மூன்று தலைமுறை மானம் ஜன்னல் வழியாகத் தெருவில் இறங்கிப் போனது.

மாரப்பன் அந்தப் பிளேட்டை அவசரமே இல்லாமல் முடித்தார். விரலை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "இது ஆடு. அது அரசாணிக்காய். தம்பி சுத்த சைவமுங்க."

சரவணன் தொப்பென்று நாற்காலியில் விழுந்தான்.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டார் பாலுசாமி, மெதுவாக.

"மொத வாயிலயேங்க."

பாலுசாமியின் மீசை துடித்தது. இப்போது வெடிக்கும் என்று சீனிவாசலு பின்வாங்கினார். பாலுசாமி மாரப்பனுக்கு எதிரே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தான் பிய்த்து வைத்திருந்த அரசாணிக்காய்க் கொழுக்கட்டையில் ஒரு கடி கடித்தார். இன்னொரு கடி.

"ஞாயித்துக்கெழமைக்கு இதுல ஐந்நூறு ஆகுமுங்களா அம்மணி?"

"ஆகுமுங்க."

சாஜிதா டீ கெட்டிலை எடுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்தார். சரவணனுக்கு அரைக் கிண்ணம். பாலுசாமிக்கு அரை. மாரப்பனுக்கு அரை.

தட்டில் ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. சீனிவாசலு கையை நீட்டினார். சாஜிதா தட்டை மாரப்பன் பக்கம் நகர்த்திவிட்டு, சீனிவாசலுவின் கிண்ணத்தில் டீயை விளிம்புவரை, விளிம்புக்கும் மேலே, மேஜைவிரிப்பில் வழிய வழிய ஊற்றினார்.