சிவப்புப் பூ

"ஸ்கேன் படம் மாறிப் போச்சு அம்முணி, இது வேற ஆரோடதோ..."

"பேரு போட்டிருக்குதுங்கண்ணா, கண்ணத் தொறந்து பாருங்..."

"போன வாரம் மூளைக்கு நடுவால வெள்ளப் புள்ளி இருந்துச்சே! இப்ப எங்க போச்சு? ஊர்ந்து போக அது என்ன எறும்பா?"

"ஏனுங்க, இது ஆஸ்பத்திரிங்களா, வாரச் சந்தைங்களா?" என்று நர்ஸ் அதட்டியதும் அண்ணனும் தங்கையும் குரலை இறக்கினார்கள்.

மயிலம்மாள் படத்தை மறுபடி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அவள் மகள் சௌந்தர்யாவுக்குக் காய்ச்சல் கொதித்த அன்று, பெற்றவளையே பார்த்து, "நீங்க ஆருங்க?" என்று கேட்டாள். ஸ்கேனில் புள்ளி. "சில காய்ச்சல்ல இப்படி வரும். தானா மறையலாம். ஒரு வாரம் பொறுத்து மறுபடி பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா. மயிலம்மாள் பொறுத்தாள். அவள் அண்ணன் நாச்சிமுத்து பொறுக்கவில்லை. தை பிறந்தால் சௌந்தர்யா அவர் மகன் கதிர்வேலுக்கு மனைவி. அவர் நேரே குலதெய்வத்தின் முன்னால் போய், வெள்ளையும் சிவப்புமாய் இரண்டு பூப்பொட்டலம் போட்டு, இந்தக் கல்யாணத்துக்கு வாக்குக் கேட்டார். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தது.

"சரி, புள்ளி போச்சுங்கல்லண்ணா" என்றாள் மயிலம்மாள். "பேசுன தேதியிலயே வெச்சுக்கலாமுங்களா?"

நாச்சிமுத்து கொண்டுவந்த ஆப்பிள் பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார்.

"அண்ணா?"

"முந்தாநேத்து கெங்கவல்லிப் பக்கம் கதிர்வேலுக்கு ஒரு எடம்... வெத்தல மாத்தி நிச்சயம் பண்ணிட்டோம் அம்முணி."

மயிலம்மாள் ஆப்பிள் பையை விரலால் காட்டினாள். "வெத்தலய மாத்திப்போட்டா இங்க ஆப்பிளத் தூக்கிட்டு வந்தீங்க?"

"சாமி வேண்டாம்னு சொன்ன பொறவு நான் என்ன..."

"சாமியா சொல்லுச்சு? ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் பொறுக்க முடியலீங்களா உங்களுக்கு!"

"மூளைல புள்ளின்னா எந்த அப்பன் பொறுப்பான்? நீயே சொல்லு!"

கதவுத் திரை விலகியது. ஊசி குத்திய கையைச் சுவரில் ஊன்றி சௌந்தர்யா நின்றிருந்தாள். எப்போதிருந்து நிற்கிறாளோ! முகம் வெளுத்திருந்தது, கண் மட்டும் தெளிவு.

"எந்திரிச்சு வந்துட்டியா சாமி? மாமன ஆருன்னு தெரியுதா?" என்றார் நாச்சிமுத்து, தடுமாறி.

"நல்லாத் தெரியுதுங்க மாமா" என்றாள் அவள். "பூவு போட்டுக் கேட்டீங்களே, எனக்கு வெறுங் காய்ச்சல்தான், புள்ளி தானா மறையலாம்னு டாக்டரம்மா சொன்னதச் சாமிகிட்டச் சொன்னீங்களா?"