அக்காவின் கை வேகம்

சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். இருநூறு தையல் மெஷின்கள் ஓடும் கூடத்துக்கு மேலே, கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்தரை வரை அதில் உட்கார்ந்து பாட்டுப் போடுவது அவன் வேலை. நடுநடுவே, "ரெண்டாம் வரிசைக்கு வெள்ளை நூல் வேணுமாம்" என்று மைக்கில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

வேலையை வாங்கிக் கொடுத்தவள் அக்கா. மூன்றாம் வரிசையில் ஏழாவது மெஷின் அவளுடையது. காலர் தைப்பாள். அம்மா இறந்தபோது எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அவனை வளர்த்தாள். கல்யாணமாகிப் போனபோது அவனையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். "ஒண்ணு எடுத்தா ஒண்ணு இலவசம்னு கல்யாணத்துக்கு முன்னாடி எவனும் என்கிட்ட சொல்லல" என்று மாமா இன்றைக்கும் அவனைக் காட்டிச் சொல்வார். சொல்லிவிட்டு அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைப்பார்.

ஒரு வருஷத்துக்கு முன் மேனேஜர் அவன் அறைக்கு ஏறி வந்தார்.

"பாட்டோட வேகத்தைக் கூட்ட முடியுமா உன் கம்ப்யூட்டர்ல?"

"முடியும் சார். ஆனா குரல் கீச்சுனு ஆயிடும்."

"குரல் மாறாம கூட்டுற வசதி இருக்காமே. என் பையன் சொன்னான்."

இருந்தது. அதை அவனே காட்டினான்.

"நல்லது. மாசத்துக்கு ஒருதடவை, நூத்துக்கு ஒண்ணு ஏத்து. ஒரே நாள்ல ஏத்தினா கண்டுபிடிச்சிடுவாங்க. காதுக்குத் தெரியக் கூடாது. காலுக்குத் தெரிஞ்சா போதும்."

தையல் மெஷினின் வேகம் காலில் இருக்கிறது. பெடலை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு ஓடும். ஒன்பது மணி நேரம் பாட்டுக் கேட்கும் கால், தாளத்தைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்காது. மேனேஜர் அதைப் பார்த்து வைத்திருந்தார்.

அவனுக்கு முதலில் அது விளையாட்டாகத்தான் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றினான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "இப்பல்லாம் நல்ல பாட்டா போடுற ரேடியோ, தூக்கமே வரல" என்று எட்டாவது மெஷின்காரி, வாயாடி என்று பெயர் எடுத்தவள், டீ நேரத்தில் பாராட்டக்கூடச் செய்தாள். வருஷக் கடைசியில் எண் பன்னிரண்டுக்கு வந்து நின்றது.

மணிக்கு ஐம்பது காலர் தைத்துக்கொண்டிருந்த அக்கா அறுபதைத் தொட்டாள். கூடத்தில் வேறு யாரும் அந்த அளவுக்கு ஏறவில்லை. ஒருநாள் மேனேஜர் எல்லா மெஷினையும் நிறுத்தச் சொல்லி, அவளை நடுவில் நிற்க வைத்துக் கைதட்டச் சொன்னார். வாசலில் அவள் படத்தை மாட்டினார்கள். கீழே "வேகமான கை" என்று எழுதியிருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அக்கா இரண்டு கைகளையும் விளக்கு வெளிச்சத்தில் விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடி, கைரேகை பாக்குறியா?" என்றார் மாமா.

"இல்லங்க. இத்தனை நாளும் இது வெறும் கைனு நினைச்சிட்டிருந்தேன்."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதுவரைக்கும் அவளை யாரும் எதற்காகவும் கைதட்டிப் பாராட்டியதில்லை.

அதன் பிறகு அவள் நடையும் மாறியது. "உங்க அக்கா பின்னாடி போறதுக்கு எனக்கு ஒரு சைக்கிள் வாங்கணும்டா" என்றார் மாமா. பாத்திரம் கழுவுவதும் தலை வாருவதும் ஓட்டமாக ஓடியது. சாப்பாட்டை மென்றாளா விழுங்கினாளா என்று கேட்கிற மாதிரி சாப்பிட்டாள். அவனும் சிரித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சிரிப்பு நின்றது. அக்கா தரையில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது அவள் வலது காலைப் பார்த்தான். பாதம் அசைந்துகொண்டிருந்தது. அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு. நல்ல தூக்கத்தில், இல்லாத பெடலை மிதித்துக்கொண்டிருந்தாள். தன்னையறியாமல் விரலால் தொடையில் தட்டிப் பார்த்தான். எந்தப் பாட்டு, என்ன வேகம் என்பதுகூடத் தெரிந்தது. பன்னிரண்டு.

தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்து உட்கார்ந்தான். போதும் என்று முடிவு செய்தான்.

மறுநாள் காலை, மேனேஜரைக் கேட்காமல், எண்ணைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தான். பாடகர்கள் பாடிய அதே வேகம். ஏற்றும்போது ஒரு வருஷம் எடுத்துக்கொண்டவன், இறக்கும்போது ஒரு நொடி எடுத்துக்கொண்டான். நல்ல காரியத்தை ஏன் தள்ளிப்போட வேண்டும் என்று தோன்றியது.

பத்து நிமிஷத்தில் கூடம் நெளிய ஆரம்பித்தது.

"என்ன ரேடியோ, யாராவது செத்துட்டாங்களா? பாட்டு இப்படி இழுக்குது" என்று வாயாடி கீழேயிருந்து கத்தினாள்.

"பாட்டுக்காரருக்கு முட்டி வலியாம்" என்றாள் இன்னொருத்தி. வரிசையே சிரித்தது.

அக்கா சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டாள். கண்ணாடி அறையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அவன் கையை அசைத்தான். அவள் குனிந்துகொண்டாள்.

அவள் கால் பாட்டோடு போயிற்று. கை போகவில்லை. ஒரு வருஷமாகப் பழகிய கை, பழகிய வேகத்திலேயே துணியைத் தள்ளியது. ஊசி பின்தங்கியது. துணி சுருங்கியது. இரண்டு காலர் கோணலாகி, பிரித்துத் தைத்தாள். மூன்றாவதில், பின்தங்கியதைப் பிடிக்கக் காலை ஓங்கி மிதித்தாள். விரல் அதற்கு முன்பே ஊசிக்கு அடியில் போயிருந்தது.

அவன் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வாய் திறந்தது தெரிந்தது. சத்தம் பாட்டில் கேட்கவில்லை.

வலது ஆள்காட்டி விரல். ஊசி எலும்புக்குள் உடைந்து, நரம்பையும் அறுத்திருந்தது. "விரல் இருக்கும். ஆனா மடங்காது. நுனியில உணர்ச்சி வர்றது சந்தேகம்" என்றார் டாக்டர். காலரின் முனையை அந்த நுனிதான் தடவிப் பார்த்துத் திருப்பும்.

நான்காம் நாள் கம்பெனியிலிருந்து ஒரு தாள் வந்தது. "எனது கவனக்குறைவால் ஏற்பட்ட விபத்து" என்று அதில் அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம். இனிமேல் மெஷின் கிடையாது, நூல் வெட்டும் மேஜையில் உட்காரலாம் என்று கொண்டுவந்தவர் சொன்னார்.

அக்கா இடது கையால் கையெழுத்துப் போட்டாள்.

"ஏன்க்கா போட்டே?"

"என் தப்புதானேடா. வாசல்ல படம் மாட்டினதுல திமிர் ஏறிடுச்சு போல. அன்னிக்கு என் கை என் பேச்சைக் கேக்கவே இல்லை." கட்டுப் போட்ட விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கண்ணை வேற எங்கயும் வைக்கலடா. சத்தியமா வைக்கல. ஆனா எங்கயோ வச்சிருக்கணும். இல்லன்னா எப்படி?"

அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. நேராக மேனேஜரிடம் போனான்.

"சார், அந்தத் தாளைத் திருப்பிக் கொடுங்க. தப்பு அக்காவோடது இல்ல. பாட்டு வேகத்தை நான்தான் மாத்தினேன்."

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். "உன்னை யார் மாத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல. ஏத்தச் சொன்னது நீங்கதான்."

"நான் பாட்டுப் போடச் சொன்னேன். பாட்டு மெதுவா பாடினதால விரல் போச்சுன்னு நீ எங்க வேணா போய்ச் சொல்லு. கேக்குறவன் உன்னை உட்கார வச்சுக் காபி வாங்கிக் கொடுத்து அனுப்புவான்." பிறகு சற்றுத் தணிந்த குரலில் சொன்னார். "இறக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமா இறக்கியிருக்கணும்டா. அது கூடவா தெரியாது?"

அவன் வேலையை விட்டுவிட்டு வந்தான். வீட்டில் மாமாவும் அக்காவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். மேனேஜர் ஏறி வந்தது, மாதத்துக்கு ஒன்று, பன்னிரண்டு, பாயில் அசைந்த பாதம், திங்கட்கிழமை காலை. மூச்சு விடாமல் சொல்லி முடித்தான். இனி அவள் தன்னையே திட்டிக்கொள்ள மாட்டாள், அவனைத்தான் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டு வாங்கத் தயாராகத்தான் வந்திருந்தான்.

அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு கேட்டது வேறு.

"அப்ப, அந்த அறுபது?"

"என்னக்கா?"

"மணிக்கு அறுபது காலர். அது நான் தைச்சது இல்லையா?"

"நீதான்க்கா தைச்சே."

"நான் தைக்கல. நீ தைச்சே, மேல உக்காந்து பட்டனைத் தட்டி." குரல் உயரவே இல்லை. "கைதட்டினாங்களே எல்லாரும். அது உனக்கா?"

"அக்கா, அப்படி இல்ல. எல்லாருக்கும்தான் ஏத்தினேன். அறுபது போனது நீ மட்டும்தான்."

"அதுல எவ்வளவு என்னோடது? ஐம்பத்தஞ்சா? ஐம்பத்திரண்டா? உனக்குத் தெரியுமா?"

மாமா எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு போய் மெதுவாகக் கழுவினார்.

"விரல் போனதைக்கூட நான் பொறுத்துப்பேன்டா" என்றாள் அக்கா. "இதை நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்."

இரண்டு மாதம் அவள் அவனோடு தேவைக்கு மட்டும் பேசினாள். சாப்பாடு போட்டாள், துணி மடித்துவைத்தாள், "வெளிய போனா குடை எடுத்துட்டுப் போ" என்றாள். அதற்கு மேல் இல்லை. நூல் வெட்டும் மேஜைக்கு அவள் போகவில்லை. அங்கேயும் பாட்டுக் கேட்கும். கம்பெனியில் பாட்டு நிற்கவில்லை என்று வாயாடி வந்து சொல்லிவிட்டுப் போனாள். மேனேஜரே கம்ப்யூட்டரைப் பழகிக்கொண்டாராம்.

பிறகு ஒருநாள் மாமா எங்கிருந்தோ ஒரு பழைய மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னறையில் வைத்தார். அக்கா அதன் முன் உட்கார்ந்தாள். மடங்காத விரலை ஒதுக்கி, நடு விரலால் துணியைப் பிடித்துப் பழகினாள். முதல் வாரம் எல்லாமே கோணல். இரண்டாம் வாரம் ஒரு காலர் நேராக வந்தது. அதை அவள் யாரிடமும் காட்டவில்லை. அவனே குப்பைக் கூடையிலிருந்து அதை எடுத்துப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் தைக்கும்போது கதவருகில் நின்றான். ஏதாவது பேச வேண்டும் என்றுதான் வந்திருந்தான். மின்விசிறியை அணைத்திருந்தாள். கடிகாரத்தைச் சுவரிலிருந்து கழற்றி வேறு அறையில் வைத்திருந்தாள். வியர்வை கழுத்தில் ஓடியது.

"நீ அங்க நிக்காதடா" என்றாள், திரும்பாமல்.

"தொந்தரவா இருக்காக்கா?"

"உன் மூச்சு கேக்குது. கால் அதுக்குத் தகுந்த மாதிரி போகுது." பெடலிலிருந்து காலை எடுத்தாள். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகத்தான் சொன்னாள். "என் வேகம் என்னன்னு எனக்கு ஒரு தடவை தெரியணும். அவ்வளவுதான். கோவிச்சுக்காத."

அவன் வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். மாமா வேலை முடிந்து தெருவில் வந்துகொண்டிருந்தார்.

"ஏன்டா வெளிய நிக்கிற?"

"அக்கா தைக்கிறா மாமா."

மாமா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே மெஷின் கொஞ்சம் ஓடியது, நின்றது. மறுபடி ஓடியது. அது வேகமா மெதுவா என்று அவனால் சொல்ல முடியவில்லை.