பீட்டரோடு பேச்சு இல்லை

கணேசமூர்த்திக்கும் பீட்டருக்கும் மூன்று மாதமாகப் பேச்சு இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன்னும் அவர்கள் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியவர்கள் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதுகூட இல்லை. பீட்டர் இருந்தது மலையே இல்லாத நெதர்லாந்தில், அதாவது ஒல்லாந்தில்; மூர்த்தி இருந்தது இலங்கையின் தேயிலை மலையில், டயகமவில். நாலு வருடம் மின்னஞ்சலிலேயே சிரித்து, மின்னஞ்சலிலேயே வாதாடி, கடைசியில் மின்னஞ்சலிலேயே முறைத்துக்கொண்டார்கள்.

அவர்களைச் சேர்த்து வைத்தது ஒரு கணினி விளையாட்டு. மலையும் காடும் ஆறும் உள்ள ஒரு நாட்டைக் கொடுத்து, இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு ரயில் விடு பார்க்கலாம் என்று சொல்லும் விளையாட்டு. யாரும் சும்மா எடுத்து விளையாடலாம். அதன் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். திருத்தியதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு சொல்கிறவர், அதைத் தொடங்கிய பீட்டர். திருத்தி அனுப்புகிறவர்களில் ஒருவன் மூர்த்தி. சம்பளம் யாருக்கும் கிடையாது. கூலியில்லாத வேலைக்கு இவன் இப்படி மாய்கிறான் என்று தோட்டத்தில் தெரிந்திருந்தால் வேப்பிலை அடித்திருப்பார்கள்.

கூலிக்கும் செய்தவன்தான் மூர்த்தி. கொழும்பில் ஒரு சின்னக் கம்பெனியில் ஐந்து வருடம் கைத்தொலைபேசிகளுக்கு விளையாட்டு எழுதினான். மேலேயிருந்து பழம் விழும், கீழே கூடையில் பிடிக்க வேண்டும், அந்த வகை. முகப்பில் எவனோ வெளிநாட்டுக்காரன் பெயர் வரும், எழுதியவன் பெயர் வராது. 2006இல் கம்பெனியை மூடினார்கள். யுத்தம் திரும்பவும் மூண்ட நேரம். தமிழ்ப் பெயரோடும் தோட்டத்து விலாசத்தோடும் கொழும்பில் அறை தேடுவது லேசுப்பட்ட காரியமா? பெட்டியைக் கட்டிக்கொண்டு, தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்கே, அம்மாவிடம் வந்துவிட்டான்.

அதன்பிறகு தலவாக்கலையில் ஒரு கொமினிகேசன் கடையில் வேலை. மத்திய கிழக்குக்குப் போன பிள்ளைகளுக்கு அழைப்பு எடுத்துக் கொடுப்பது, போட்டோக்கொப்பி அடிப்பது. மழை பிடித்து ஆள் வராத மத்தியானங்களில் அவனுடைய ரயில் விளையாட்டு. லயத்தில் அவனைப் படித்தவன் என்று தள்ளி வைத்துப் பேசினார்கள். டவுனில் தோட்டத்தான் என்று தள்ளி வைத்தார்கள். இன்றைக்கு ஒரு பிழையைக் கண்டுபிடித்தேன் என்று சொல்லிச் சந்தோசப்பட அவனுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். பீட்டர் பொல்லாத மனுசன். ஒரு வரி அனுப்பினால் பத்து வரி குறை எழுதுவார். எழுதட்டுமே, பத்து வரி குறை சொல்ல வேண்டுமென்றால் முழுக்கப் படித்திருக்க வேண்டும் அல்லவா?

சண்டை வந்தது ரயிலின் பாதையால். விளையாட்டில் ரயில் மலையைக் கண்டால் சுவரில் பல்லி ஏறுகிற மாதிரி நேரே ஏறியது. தண்டவாளம் மலையை வளைத்து வளைத்து ஏறுவதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவனுக்கு இது பொறுக்குமா? ஏற்றத்தைக் கண்டால் சுற்றிப் போகும்படி மாதக்கணக்கில் உழைத்து எழுதி அனுப்பினான். மறுநாளே பதில் வந்தது. "ரயில் காரணமில்லாமல் சுற்றுகிறது. இதைச் சேர்க்க முடியாது."

மூர்த்திக்குச் சுருக்கென்றது. மேட்டையே காணாத மனுசன் சுற்றுவதற்குக் காரணம் கேட்கிறார்! "மலையில் பிறந்திருந்தால் காரணம் தெரியும்" என்று சூடாக எழுதினான். "மறுபடி பார்" என்று மட்டும் பீட்டர் எழுதினார். அதோடு சரி.

லயத்துச் சண்டைக்கு ஒரு சட்டம் உண்டு. பிழை யாருடையதோ அவர்தான் முதலில் மற்றவர் வீட்டு வாசல் ஏற வேண்டும். அதுவரை, நடுவில் ஒரே சுவர் இருந்தாலும், பொதுக் குழாயான பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது குடத்தோடு குடம் இடித்தாலும் பேச்சு கிடையாது. மூர்த்தி அந்தச் சட்டத்தை ஒல்லாந்து வரைக்கும் நீட்டினான். அவர் எழுதட்டும். எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி எழுதினால் போதும், எல்லாவற்றையும் மறந்துவிடத் தயாராக இருந்தான். உண்மையைச் சொன்னால் ஏங்கிக்கொண்டிருந்தான். ஆனாலும் தானாக எழுத மாட்டான்.

ஒரு நாள் பீட்டரின் முகவரியிலிருந்தே கடிதம் வந்தது. "வந்துட்டாருய்யா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான் மூர்த்தி.

எழுதியது பீட்டரின் தங்கை. அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார், தனி ஆளாக இருந்தவர், அவருடைய கணினியைத் திறக்க இத்தனை நாள் ஆகிவிட்டது என்று எழுதியிருந்தாள். "அவர் அதிகம் எழுதியது உங்களுக்குத்தான். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்." இறந்த தேதியும் இருந்தது. 'மறுபடி பார்' என்று எழுதியதற்கு அடுத்த வாரம். மூன்று மாதமாக மூர்த்தி வீம்பு பிடித்தது செத்துப்போன ஒருவரோடு.

அன்றைக்கு வீட்டுப் படியேறும்போதே அம்மா காளியாயி கண்டுகொண்டாள்.

"என்னாடா, மொகமெல்லாம் இப்புடி கெடக்கு?"

"ஒருத்தரு தவறிட்டாரும்மா. எங்கூட வேல செஞ்சவரு. ஒல்லாந்துல."

"அது எந்தத் தோட்டத்து டிவிசன்?"

"தோட்டமில்லம்மா, நாடு. வெள்ளக்காரரு."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"அவரு தங்கச்சி சொல்லிவிட்டிருக்காங்க."

காளியாயி அடுப்பை விட்டு எழுந்து நின்றாள். "கூடப்பொறந்தவளே சொல்லிவிட்டிருக்கான்னா, நீ அவங்களுக்கு வேண்டிய ஆளுன்னுதானே? போ, போயி தலைக்கு ஊத்திக்கிட்டு வா. குளிக்காம உள்ள வராத."

துண்டை எடுத்துக்கொண்டு போனான். பீலித் தண்ணீர் தலையில் விழுந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அங்கே குடத்தோடு நின்ற பெண்கள் தள்ளி நின்று வழிவிட்டார்கள்.

மறுநாள் கடையில் அந்த நிரலைத் திறந்தான். மறுபடி பார் என்று சொன்னவருக்காகவாவது பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்க்கப் பார்க்க ஒன்று உறைத்தது. அவன் ரயிலை விட்டுச் சோதித்த நாடெல்லாம் மலைநாடு. சமதரையில் ஒரு தடவைகூட விட்டுப் பார்க்கவில்லை.

தட்டையாக ஒரு நாட்டைப் போட்டான். இந்தக் கோடியில் ஓர் ஊர், அந்தக் கோடியில் ஓர் ஊர். ரயில் புறப்பட்டது. வெறும் புல்வெளியில் ஒரு வட்டம் அடித்தது. பிறகு இன்னொரு வட்டம். செலவு குறைந்த வழியைத்தான் ரயில் தேடும்; அவன் ஏறுவதற்கு மட்டும் செலவு போட்டிருந்தான். சமதரையில் எவ்வளவு அலைந்தாலும் செலவே இல்லையென்று எழுதி வைத்திருந்தான். பிறந்ததிலிருந்து ஏறியும் இறங்கியுமே பழகியவனுக்குச் சமமான இடத்தில் நடப்பதும் ஒரு நடை என்று தோன்றவே இல்லை.

பீட்டர் மலையைக் கேலி பண்ணவில்லை. தன் ஊர் மாதிரி ஒரு நாட்டில் ரயிலை விட்டு, கண்டதைச் சொன்னார், அவ்வளவுதான். வாசல் ஏறியிருக்க வேண்டியவன் மூர்த்தி.

திருத்துவதற்கு ஒரு வரி போதுமாயிருந்தது. திருத்தியதும் ரயில் மலையில் வளைந்து ஏறியது, தரையில் நேரே ஓடியது. சேர்க்கலாமா என்று கேட்க ஆள் இல்லை. பீட்டரின் கடைசிக் கடிதத்தைத் திறந்து அதற்கே பதில் எழுதினான். "பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. பிழை என்னுடையது. கோபம் வேண்டாம்." அனுப்பிவிட்டுக் காத்திருந்தான். முகவரி இல்லையென்று அது திரும்பி வரவில்லை.

அடுத்த நாள் காலையில் கடையைத் திறந்ததும், பதில் வந்திருக்கிறதா என்று பார்த்தான்.