இடது கைக்கு என்ன ஆச்சு?

மார்க்கெட்டில் அவருக்கு மைக்செட் என்று பெயர். காய்கறி ஏலம் விடுகிற தொழில். வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். அப்பேர்ப்பட்ட தொண்டையை வைத்துக்கொண்டு, வீட்டில் ஒரே ஒரு ஆளைக் கேட்க வைக்க முடியவில்லை. ஒரு காய்ச்சலோடு மனைவிக்கு இரண்டு காதும் போய்விட்டன. அவள் பேசுவாள், இவர் பேசுவதுதான் அவளுக்குப் போய்ச் சேராது. எழுதிக் காட்டலாமென்றால், அவர் கையெழுத்தை அவராலேயே திரும்பப் படிக்க முடியாது.

சரி, சைகை மொழி கற்றுக்கொள்வோம் என்று கிளம்பினார். கற்றுக்கொள்ளக் கிளம்புவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கிதார் வாங்கினார், "சுருதி சேரலையே மாமா" என்று மருமகன் சொன்ன அன்றே அது பரணுக்குப் போனது. நீச்சலுக்குப் போனார், காலை நேராக நீட்டச் சொன்னதும், தண்ணீர் சரியில்லை என்று கரையேறிவிட்டார். யாராவது திருத்தினால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கோபம் வந்தால் படிப்பு முடிந்தது.

அதனால் இந்த முறை வாத்தியாரே வேண்டாம் என்று போனில் படித்தார். போன் திருத்தாது. ஏலம் முடிந்ததும் காலிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து, வீடியோவில் வரும் பெண்ணைப் பார்த்துக் கையை ஆட்டுவார். வீட்டுக்கு வந்ததும் மனைவிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, கற்ற வித்தையையெல்லாம் அவிழ்த்துவிடுவார். அவளும் தலையாட்டுவாள். இந்த வயதிலும் நமக்கு மூளை என்னமாய் ஓடுகிறது என்று, அவர் கண்ணே அவர்மேல் பட்டுவிடும் போலிருந்தது.

நூலகத்து மாடியில் காது கேளாதவர்கள் வாராவாரம் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மனைவியையும் அழைத்துக்கொண்டு போனார். கற்றுக்கொள்ள அல்ல, காட்டிக்கொள்ள. அங்கே ஒரு தையல்காரர் இருந்தார். பிறவியிலிருந்தே காது கேட்காது. ஏலக்காரர் அவர் முன்னால் நின்று, மார்க்கெட் நிலவரம் தொடங்கி மருமகனின் சம்பளம் வரை ஒரு பிடி பிடித்தார். தையல்காரர் கடைசிவரை மரியாதையாகப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த தங்கைக்கு ஏதோ சைகை காட்டினார். அந்தப் பெண்ணுக்குக் காது கேட்கும்.

"அண்ணன் கேக்கறாரு, உங்க இடது கைக்கு என்ன ஆச்சு? அடி கிடி பட்டுதா?"

ஏலக்காரர் குனிந்து பார்த்தார். இடது கை நெஞ்சுக்கு நேரே, இல்லாத போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றது.

"நிறைய வார்த்தைக்கு ரெண்டு கையும் வேணுங்க. நீங்க பாதி பாதியா சொல்றீங்க."

மாடியே சிரித்தது. இத்தனை மாதம் ஒற்றைக் கையால் படித்த மேதை அங்கேயே நின்றார். ஆனால் மனைவி முகத்தில் ஆச்சரியத்தையே காணோம். அதுதான் அவரை உறுத்தியது.

வீட்டுக்கு வந்ததும் அவளைச் சுட்டி, நெற்றியைத் தொட்டு, புருவத்தைத் தூக்கினார்.

"தெரியும்," என்றாள். "நீங்க மார்க்கெட் போனப்புறம் நானும் அதே வீடியோதான் பாக்கறேன். போனைச் சுவத்துல சாய்ச்சு வெச்சுக்குவேன், அவ்வளவுதான்."

இந்தச் சுவர் யோசனை தனக்கு ஏன் வரவில்லை என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, ஏன் சொல்லவில்லை என்று கையை விரித்தார்.

"சொன்னா விட்டுடுவீங்க. கிதார் போனா போகட்டும், நீச்சல் போனா போகட்டும். இதையும் விட்டுட்டா என்கூட பேச யாருங்க இருக்கா?"

அவருக்குப் பால்கனி ஞாபகம் வந்தது. போன வாரம் பால்கனியில் உட்கார்ந்து, மனதில் இருந்ததையெல்லாம் சைகையில் அவளிடம் கொட்டியிருந்தார். நீ எதிரே இருந்தும் நான் தனியாகிவிட்ட மாதிரி இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று. அவளும் கண் கலங்கித் தலையாட்டினாளே! பால்கனியைக் காட்டி, அன்று என்ன புரிந்தது என்று கேட்டார்.

"தக்காளி விலை விழுந்துடுச்சுன்னு நெனச்சேன். அவ்வளவு வருத்தமா இருந்தீங்க."

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார், இரண்டு கையாலும். இரண்டாவது வார்த்தையிலேயே அவள் அவர் இடது கையைப் பிடித்தாள்.

"இப்படி இல்லைங்க. இன்னும் கொஞ்சம் மேல."

அவருக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. எழுந்துவிடுவாரோ என்று அவள் அவர் கையை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழவில்லை. கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, இது சரியா என்று அவள் முகத்தைப் பார்த்தார்.