மூக்குக் குழாய்

ஹெதியின் கைகள் இரண்டையும் ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியோடு கட்டிவைத்திருந்தார்கள். உணவு செலுத்த மூக்கில் செருகிய குழாயை இரண்டு முறை பிடுங்கிவிட்டாராம். முப்பத்தெட்டு வருஷம் என்னோடு குடும்பம் நடத்திய மனிதர். மறதி நோய் முற்றி என் பெயர்கூட அவரிடம் இல்லை. கட்டு எதற்கென்று புரியாமல் விரல்களை ஆட்டிக்கொண்டு கிடந்தார்.

வயிற்றில் துளையிட்டு நிரந்தரமாகக் குழாய் வைப்பதா, வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கையால் ஊட்டுவதா என்று மாலைக்குள் சொல்ல வேண்டும்.

"குழாய் வேணாம்னு மட்டும் சொல்லிராதீங்க அண்ணி," என்று குதித்தான் அவர் தம்பி திஜானி. "கட்டின புருஷனப் பட்டினி போட்டே கொன்னுட்டாள்னு ஸ்ஃபாக்ஸ் ஊர் பூரா பேசும்."

டாக்டர் ரஃபீகா எங்களை உட்காரவைத்தார். "இந்த நிலைக்கு வந்தவங்களப் பல வருஷமா கவனிச்சு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. குழாய் வச்சவங்களும் கையால ஊட்டினவங்களும் ஏறக்குறைய ஒரே காலந்தான் இருந்திருக்காங்க. குழாயால ஆயுசு கூடல. படுக்கைப் புண்ணுதான் கூடியிருக்கு."

"அந்த ஆராய்ச்சியில எங்கண்ணன் இருந்தாரா?"

"இல்லங்க. அவர மாதிரி நெறைய பேர் இருந்தாங்க. இவருக்கும் அப்படியேதான் ஆகும்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

சத்தியம் பண்ண மாட்டேன் என்றாரே, அதனால்தான் நம்பினேன். அதுவரை, குழாய் வேண்டாம் என்றால் நானே கொன்றதாகும் என்று உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பழி என் தலையில் இல்லை என்று தெரிந்ததும் அழுகை பொங்கிவிட்டது. "மொதல்ல அந்தக் கட்ட அவுத்துவிடுங்க," என்றேன்.

ஹெதியை வீட்டுக்குக் கூட்டிவந்த நான்காம் நாள், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே திஜானி வீட்டுக்கு வந்தான். கையில் அவன் மனைவி காய்ச்சிய ஷோர்பா சூப்.

"உங்களுக்கு ஊட்டத் தெரியல. நகருங்க."

இரண்டு கரண்டி இறங்கியது. பிறகு ஹெதி உதட்டை இறுக்கிக்கொண்டார். திஜானி கொஞ்சினான், அதட்டினான். "எனக்கு மீன்ல முள்ளெடுத்து ஊட்டினவன்ல நீ? ஒரே ஒரு வாய்ண்ணே!" கடைசியில் இடது கையால் அண்ணன் தாடையைப் பிடித்துத் திறக்கப் பார்த்தான்.

ஹெதியின் கை மெதுவாக எழுந்து அவன் மணிக்கட்டைப் பற்றியது. தாடையிலிருந்து விலக்கி, தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டது. விடவில்லை.

"அண்ணி, அவனுக்குப் பசிக்கலயா?"

"தெரியல திஜானி."

ஷோர்பா ஆறி ஆடை கட்டியது. ஒரு கையில் கரண்டி, மறு கை அண்ணனிடம். தன் கன்னத்தில் வழிந்த கண்ணீரை அவன் துடைக்கவில்லை.