அமாவாசை இல்லாத பார்முலா

நாமக்கல்லில் அந்தக் குஞ்சுப் பொரிப்பகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வருஷமாகியும் அதைத் தொடத் தெரிந்தவன் தீர்த்தகிரி ஒருவன்தான். மேச்சேரிக்காரன். பி.காம். முடித்துவிட்டு, சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டர் படித்து வந்தவன். எண்பத்தெட்டாம் வருஷம் அந்தப் பக்கத்தில் அதுவே பெரிய படிப்பு.

குஞ்சு பொரித்த தேதியைக் கட்டத்தில் அடித்தால் போதும். எந்தப் பண்ணையில் என்றைக்கு எந்தத் தடுப்பு மருந்து என்று அடுத்தடுத்த கட்டங்களில் வந்துவிடும். அதை அட்டையில் அச்சடித்துப் பண்ணைகளுக்கு அனுப்புவார்கள். அந்த நாளில் பொரிப்பகத்து ஆள் வெள்ளியங்கிரி ஐஸ் போட்ட பிளாஸ்க்கை மொபட்டில் மாட்டிக்கொண்டு போய் மருந்தைக் கொடுத்துவிட்டு வருவான்.

தீர்த்தகிரி முதலில் எழுதிய பார்முலா நீளமானது. அமாவாசையன்று இங்கே யாரும் ஏர் பூட்டுவதில்லை. கோழிக்கு ஊசி போடவும் ஆள் வராது. அதனால் தினசரி காலண்டரைப் பார்த்து அந்த வருஷத்து அமாவாசைகளையெல்லாம் ஓர் ஓரத்தில் அடித்து வைத்திருந்தான். தேதி அதில் விழுந்தால் பார்முலா ஒரு நாள் முன்னால் நகர்த்திவிடும். இதனால் கம்ப்யூட்டர் திணறித் திணறித்தான் ஓடியது.

முதலாளி சின்னுசாமி ஒருநாள் திரையை எட்டிப் பார்த்தார்.

"ஏப்பா, உன்ர பார்முலா ரெண்டு முழத்துக்குப் போவுது. மெசினுக்குப் பஞ்சாங்கமா சொல்லிக் குடுக்கறே?"

டைப்பிஸ்ட் சௌந்திரம் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். "அடுத்து ராகுகாலமும் போட்டுருங்க சார்" என்றாள்.

தீர்த்தகிரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்று மாலையே அமாவாசைகளை அழித்தான். பொரித்த தேதியோடு நாளைக் கூட்டு, அவ்வளவுதான். பார்முலா விரல் நீளத்துக்குச் சுருங்கியது. கண்மூடித் திறப்பதற்குள் எல்லாப் பண்ணைக்கும் தேதி விழுந்தது. இந்தக் காலத்தில் அமாவாசையைப் பார்த்துக்கொண்டிருந்தால் முடியுமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அந்த முறை குஞ்சு எடுத்தவர்களில் பொன்னாத்தாளும் ஒருத்தி. புதுச்சத்திரத்துக்குத் தெற்கே அவளுக்குக் கொஞ்சம் மேட்டாங்காடு. புருஷன் செத்தபின், ஆத்தூரில் ஜவ்வரிசி ஆலை வைத்திருந்த அண்ணன் வீட்டில் கொஞ்சகாலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள். தாலிக்கொடியை விற்றுக் கோழிக் கொட்டகை போட்டிருந்தாள். குஞ்சுப் பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது தீர்த்தகிரியிடம் சொன்னாள்:

"இதுக முட்டை வெச்சுதுன்னா என்ர அடுப்பு தனியா எரியும் தம்பி. இல்லீன்னா அண்ணன் ஊட்டு ஆளுகளுக்கெல்லாம் நாந்தான் சோறாக்கோணும். ஒரு தடவை ஆக்கிப் பாத்தாச்சு. போதுஞ்சாமி."

எட்டாவது வாரத்து ஊசி மருந்து அவள் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தது அமாவாசையன்று.

"இன்னிக்கு யாருங்க வருவா?" என்று அவள் வெள்ளியங்கிரியிடம் கேட்டிருக்கிறாள். "மாட்டுக் கழுத்துல நுகமே வெக்க மாட்டோம், கோழிக்கு ஊசி குத்துவோமா?"

"அட்டைல தேதி இன்னிக்குத்தானுங்க அக்கா. பொழுதுக்குள்ள போட்ருங்க" என்று பிளாஸ்க்கைக் கொடுத்துவிட்டு அவன் அடுத்த பண்ணைக்குக் கிளம்பிவிட்டான்.

கோழி பிடிக்கும் குப்பாயியும் மற்றப் பெண்களும் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். பொன்னாத்தாள் மருந்தை அலட்சியமாக விட்டுவிடவில்லை. இருட்டுவதற்குள் பிளாஸ்க்கில் ஐஸ் கரைந்துவிட்டதைப் பார்த்தாள். மருந்துக் குப்பிகளைத் துணியில் சுற்றி, வாளியில் வைத்து, கிணற்றுத் தண்ணீர் தொடும் அளவுக்குக் கயிறு விட்டு இறக்கினாள். கிணற்றைவிடக் குளிர்ச்சியான இடம் அவளுக்குத் தெரியாது. மறுநாள் காலையில் எல்லாக் கோழிக்கும் அந்த மருந்தையே போட்டார்கள். ஐஸ் குளிர் இல்லாமல் இரவெல்லாம் கிடந்ததில் அதில் உயிரே இல்லை.

சில வாரங்கள் கழித்து அந்த ஊசி தடுக்க வேண்டிய வெள்ளைக் கழிச்சல் நோய் அந்தப் பக்கத்தில் வந்தது. வேறு நாட்களில் ஊசி விழுந்திருந்த சுற்றுப் பண்ணைகள் தப்பின. பொன்னாத்தாளின் கொட்டகையில் கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றிச் சுற்றி விழுந்தன. தீர்த்தகிரி டாக்டரோடு போனபோது அவள் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு குழியில் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தாள். ஊசி போட்ட விதத்தை டாக்டர் கேட்டார். அவள் கிணற்றைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். தீர்த்தகிரி கொட்டகைத் தூணில் செருகியிருந்த அட்டையின் தேதியைப் பார்த்தான். அது அமாவாசை.

ஐப்பசியில் ஒரு நாள் பொன்னாத்தாள் அலுவலகத்துக்கு வந்தாள். கையில் ஒரு துணி மூட்டை.

"ஏனுங்க தம்பி, இன்னொரு அட்டை வந்துருக்குது. அடுத்த ஊசியாம். கோழியே இல்லீங்களே. ஒவ்வொரு தடவையும் வந்தா மனசுக்குச் சங்கட்டமா இருக்குது. ஆத்தூர் போறேன். நிறுத்தச் சொல்லுங்க."

தீர்த்தகிரி எழுந்து நின்றான்.

"அக்கா, அந்த அமாவாசைத் தேதி என்னால வந்ததுங்க. முன்னெல்லாம் ஒரு நாள் முந்தியே வரும். நாந்தான் அதை எடுத்துட்டேன்."

"ஏனுங்க?"

"சுருக்கமா இருக்கட்டும்னுட்டு."

சௌந்திரத்தின் டைப் சத்தம் நின்றது. பொன்னாத்தாள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், பிறகு அவனை.

"மெசினுன்னு நெனச்சேன். அதுக்கு நல்ல நாள் கெட்ட நாள் என்ன தெரியும், பாவம்னு உட்டுட்டேன்." அவனிடம் கேட்டாள். "உங்கூர்ல அமாவாசைக்கு ஏர் பூட்டுவீங்களா?"

"பூட்ட மாட்டோமுங்க."

அவள் மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். "பஸ்ஸு போயிரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். வழக்கமாகச் சொல்லும் 'வாரேன் சாமி' வரவில்லை.

தீர்த்தகிரி அவள் பெயருள்ள வரியைத் தேடிப்பிடித்தான். குஞ்சு பொரித்த தேதியை அழித்தான். அந்தக் கட்டம் காலியானது. மற்றக் கட்டங்கள் காலியாகவில்லை. கூட்டுவதற்கு ஒன்றுமில்லாததால் பார்முலா கம்ப்யூட்டருக்குத் தெரிந்த முதல் தேதியிலிருந்து எட்டு வாரம் எண்ணி, ஆயிரத்துத் தொள்ளாயிரமாம் வருஷம் பிப்ரவரியில் அவளுடைய கோழிகளுக்கு ஊசி போடச் சொன்னது.