ஷியே கொடுத்த பச்சைப் பவளம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எந்தப் பொய் என்று இப்போதே கேட்காதீர்கள், அதற்கும் வருகிறேன். ஐந்து நாளாக எழுதுகிறேன், முதல் வரி நிற்கவே மாட்டேன் என்கிறது.

முதல் தொடக்கம்: "காவ்ஷியுங் துறைமுகத்தின் மேல் மாலைச் சூரியன்—"

சீ. சூரியனுக்கு இங்கே என்ன வேலை?

இரண்டாவது: "மெய்யுனின் மீன் செத்துப்போனது." பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

மெய்யுன் என்ற பெண்மணிக்கு ஐம்பத்தெட்டு வயது. காலைச் சிற்றுண்டிக் கடை வைத்திருக்கிறார். பதினொரு மணிக்குக் கல்லைச் சுரண்டிக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனால், மீதிப் பொழுது முழுக்க உப்புநீர்த் தொட்டியின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். தொட்டியில் பதினான்கு வயதுக் கோமாளி மீன் ஒன்று. பெயர் முதலாளியம்மா. உள்ளே கை விட்டால் கடிக்கும்.

"பாத்தியா, என் வீட்டுல என்னையே மிரட்டுறா!" என்று மெய்யுன் பூரித்துப்போவார்.

அந்தத் தொட்டியில் தட்டைப்புழு வந்தது. அரிசிமணி அளவுகூடக் கிடையாது. ஒரே மாதத்தில் பாறை, பவளம், கண்ணாடி எல்லாம் துருப்பிடித்ததுபோல் ஆனது.

(அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: இந்தப் புழு உயிரோடு இருப்பதைவிடச் செத்தால்தான் ஆபத்து. உடம்பிலுள்ள நஞ்சு தண்ணீரில் இறங்கும். அதனால் முதலில் குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். மருந்து அப்புறம்தான்.)

மெய்யுனுக்கு இது தெரியாதா என்ன? எட்டு நாள் உறிஞ்சினார். கண்ணாடி பளிச்சென்று ஆனதும் மருந்தை ஊற்றினார். பாறைக்குப் பின்னால் எத்தனை ஆயிரம் ஒளிந்திருந்தன என்று யார் கண்டது? ஒரு மணி நேரத்தில் முதலாளியம்மா பக்கவாட்டில் சாய்ந்தாள். வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றியும் பயனில்லை. மெய்யுன் அதன் வாயருகே விரலை வைத்துக்கொண்டு, "கடிடி. கடிச்சுத் தொலைடி" என்று அழுதார்.

3

புழு எப்படி வந்தது? இதற்காக ஷியே என்று ஒரு நண்பரைப் படைத்தேன். நிலா விழாவுக்கு மெய்யுன் வீட்டுக்கு வருகிறார். வெறுங்கையோடு வர முடியுமா? தன் தொட்டியில் வளர்ந்த பச்சைப் பவளத்தில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வருகிறார்.

புதிதாக வரும் எந்தப் பவளத்தையும் மருந்துநீரில் முக்கிக் கழுவித்தான் தொட்டியில் இறக்குவார்கள். மெய்யுனும் அப்படித்தான். ஆனால் கொடுத்தவர் எதிரிலேயே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். பரிசைக் கொடுத்தவர் முன்னால் பிரித்துப் பார்ப்பதே இங்கே மரியாதைக் குறைவு. அவர் கண்ணெதிரே மருந்தில் முக்கினால் "உன் வீடு அழுக்கு" என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. மெய்யுன் இரண்டு கையாலும் வாங்கி, அப்படியே தொட்டியில் வைத்துவிட்டார்.

4

ஆகவே பழி, பவளம் விற்கும் கடைக்காரர் குவோ மேல் விழுந்தது. காசு கொடுத்து வாங்கியதைத்தானே சந்தேகப்படலாம்.

"தம்பி குவோ, உங்கிட்ட பவளம் வாங்குனா புழு இலவசமா?"

"அக்கா, சத்தியமா என் தொட்டியில புழு இல்ல. லென்ஸ் தர்றேன், நீங்களே பாருங்க." பிறகு தயங்கிக் கேட்டார். "வேற யாராவது பவளம் குடுத்தாங்களா?"

"அன்பா குடுத்தவங்கள சந்தேகப்படச் சொல்றியா? வாய அளந்து பேசு!"

குவோ லென்ஸை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அன்றே மெய்யுன் மீன்தொட்டிக்காரர்களின் கைபேசிக் குழுவில், குவோ கடைப் பவளத்தில் புழு என்று எழுதிவிட்டார். ஞாயிறானால் நிற்க இடமில்லாத கடை அது. இப்போது குவோ தனியாக உட்கார்ந்து, ஏற்கெனவே துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருக்கிறார்.

5

இந்த ஷியே எனக்கு ஒட்டவே இல்லை. மூக்கு வைத்துப் பார்த்தேன், கண்ணாடி மாட்டிப் பார்த்தேன், ஆளுக்கு முகமே வரவில்லை. எப்படி வரும்?

ஷியே என்று யாரும் கிடையாது. அந்தப் பவளத்தைக் கொடுத்தவன் நான்.

போன வசந்தத்தில் என் தொட்டியின் பம்பைப் பழுதுபார்க்க குவோதான் வந்தார். கண்ணாடியில் விரல் வைத்து, "அண்ணே, இந்தத் துருப்புள்ளி புழு மாதிரி இருக்கு, கவனிங்க" என்றார். பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். பவளத்தை வெட்டியபோது அதன் மேல் இரண்டு புள்ளிகள் இருந்தன. ஊதிவிட்டேன்.

நான்காம் பகுதியிலும் ஓர் ஆளை அழித்திருக்கிறேன். அன்று கடையில் மெய்யுன் பக்கத்தில் நானும் நின்றேன். "வேற யாராவது குடுத்தாங்களா?" என்று கேட்டபோது குவோ பார்த்தது என்னைத்தான். பெயரைச் சொல்லியிருக்கலாம். நாலு பேர் முன்னால் என் முகத்தில் கரி பூச வேண்டாம் என்று விட்டுவிட்டார். மெய்யுன் என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லு தம்பி, இவன் பண்ணுனது நியாயமா?" என்றார்.

நான், "இல்லக்கா" என்றேன்.

6

முடிவு அ: உண்மையைச் சொல்கிறேன். மெய்யுன் என்னை—

முடிவு ஆ: ஊரைவிட்டே—

போதும். இதெல்லாம் எழுதுவதற்குச் சுலபம். உண்மையில் நடந்தது வேறு. நேற்று மெய்யுன் தகவல் அனுப்பினார்: "தம்பி, புது மீன் வாங்கிட்டேன். இன்னும் குட்டி, கடிக்கக்கூடத் தெரியல. உன் பச்சைப் பவளத்துல இன்னொரு துண்டு குடேன். நாளைக்கு மதியம் வர்றேன். கடைப் பொருள இனிமே நம்ப மாட்டேன்."

துண்டை மருந்தில் முக்கிச் சுத்தமாகக் கொடுத்துவிடலாம். புது மீன் பிழைக்கும். குவோ?

பத்தொன்பது வருடமாக இந்த ஊர்ச் சீனம்தான் பேசுகிறேன். இதை மட்டும் ஏன் தமிழில் எழுதினேன் தெரியுமா? மெய்யுனுக்குப் படிக்க வராது. அவ்வளவுதான் என் தைரியம்.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்கிறது.

"தம்பி, உள்ள இருக்கியா?"

நான் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களுக்குத் தமிழ் படிக்க வரும். எல்லாம் படித்துவிட்டீர்கள். கதவை நீங்கள் திறங்கள்.